மாமன் ஓலையும் மஞ்சள் எறும்பும்

1

பெங்களூரை வெளியூர் என்றே ஒப்புக்கொள்ளாதவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். திண்டுக்கல்லில் பஸ் ஏறித் தூங்கினால் விடியும்போது வந்துவிடுகிற ஊருக்குப் போய், புலம்பெயர்ந்தேன் என்று எழுதுகிறாயே, வெட்கமாக இல்லையா என்று கேட்பார்கள். கடல் தாண்டினால்தான் ஏக்கப்பட அனுமதி போலிருக்கிறது. கனடாக்காரர் பனியைப் பற்றி எழுதினால் உச்சுக் கொட்டிப் படிக்கிறார்கள். நான் எழுதினால் மெட்ரோ எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று விசாரிக்கிறார்கள்.

ஆனால் எல்லை என்றால் என்ன என்று என்னைவிட அந்தக் கனடாக்காரருக்கு அதிகம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஏற்றுமதிப் பேக்கிங்கைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பெட்டிகளோடு சேர்ந்து எறும்பு எதுவும் நாட்டைவிட்டு வெளியே போய்விடக் கூடாது. அதைக் கவனிப்பது என் வேலையில் பாதி. சிரிக்க வேண்டாம். போன மாதம் என் மகளின் பூப்புச் சடங்குக்குச் சீர் கொண்டுவந்த மச்சானை, அதாவது என் மனைவி செல்வியின் அண்ணனை, இந்த எறும்பு என் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து செல்வி என்னிடம் அளந்துதான் பேசுகிறாள். எனக்கும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மெட்ரோவில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போகிறேன்.

2

எறும்பு என் தலையில் ஏறியது இப்படித்தான். நாங்கள் அனுப்பிய கன்டெய்னர் ஒன்றை ஆஸ்திரேலியத் துறைமுகத்தில் திறந்தபோது, பெட்டிக்கு அடியில் இருந்த மரப்பலகையிலிருந்து எறும்புகள் கிளம்பி ஓடியிருக்கின்றன. திறந்த கையோடு மூடிவிட்டார்கள். சீல் வைத்து, தனியாக ஓரம் கட்டி, உள்ளே மருந்துப் புகை அடித்து, செலவை எங்கள் தலையில் கட்டி, கூடவே ஒரு போட்டோவும் அனுப்பினார்கள்.

பலகைகளை முறைப்படி சூடேற்றி முத்திரை குத்தித்தான் அனுப்பியிருந்தோம். அந்த முத்திரை மரத்துக்குள் இருக்கும் பூச்சிக்குத்தான் பதில் சொல்லும். அதற்குப் பிறகு எங்கள் யார்டில், மண் தரையில் பலகை கிடந்தபோது குடியேறிய எறும்பை அது என்ன செய்யும்? அதிகாரிகள் கேட்ட விளக்கத்தை எழுதி எழுதி என் ஆங்கிலம் தேய்ந்துபோனது.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் உடம்பு, உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால்கள். இந்த எறும்பை எனக்குத் தெரியும். செல்வியின் ஊரில் பார்த்திருக்கிறேன். மற்ற எறும்புகள் வரிசையாகப் போகும். இதற்கு வரிசையே தெரியாது, நாலா பக்கமும் தாறுமாறாக ஓடும். ஆங்கிலத்தில் பைத்தியக்கார எறும்பு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இதன் சொந்த ஊர் எது என்று உறுதியாகச் சொல்ல ஆள் இல்லையாம். மரத்தோடும் மண்ணோடும் கப்பலேறி எங்கெங்கோ பரவிவிட்டது. ஒரே கூட்டத்தில் பல ராணிகள் இருக்கும். அதில் ஒரு ராணியும் கொஞ்சம் வேலைக்கார எறும்புகளும் ஓர் இடுக்கில் ஒட்டிக்கொண்டு போனால் போதும், போன இடத்தில் புதுக் குடித்தனம் ஆரம்பமாகிவிடும்.

அதன்பிறகு யார்டுக்குக் கான்கிரீட் போட்டார்கள். பலகைகள் இரும்புச் சட்டத்தின் மேல் ஏறின. சர்க்கரைப் பாகு தடவிய அட்டைகளை மூலைக்கு மூலை வைத்து, என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பேன். வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் பலகையைப் பிடித்துத் தட்டுவேன். லோடு ஏற்றும் பக்கம் டீயும் பன்னும் கூடாது. ஆயுத பூஜைக்குப் பொரியும் வெல்லமும்கூட ஆபீஸ் வாசலோடு நின்றுவிட்டன. அதற்கு ஆட்கள் என்னைத் திட்டிய திட்டு காதில் விழாமல் இல்லை.

எங்கள் கேட் செக்யூரிட்டி மஞ்சுநாத் ஒருநாள் நான் துணி விரிப்பதைப் பார்த்துவிட்டு, "சார், இருவெகூ பாஸ்போர்ட் பேக்கா?" என்றார். எறும்புக்கும் பாஸ்போர்ட் வேணுமா என்று கேட்கிறார். "பேக்கு, பேக்கு," என்றேன். வேணும், வேணும் என்று அர்த்தம். அதற்குமேல் விளக்கிச் சொல்ல என் கன்னடம் இடம் கொடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது காய்கறிக்கும் ஆட்டோவுக்கும் போதும். எறும்புக்குப் போதாது.

3

செல்வியின் ஊர் நத்தம் பக்கம், மலையடிவாரம். அவளுடைய அண்ணன் கருப்பையா அங்கேதான் இருக்கிறார். கொஞ்சம் ஆடு, மலையை ஒட்டி ஒரு காடு, கீழே ரோட்டோரம் ஒரு தென்னந்தோப்பு. காடு என்றால் மானாவாரி நிலம், நம் ஆட்களுக்குத் தெரியும்.

அந்த எறும்பு முதலில் மலையிலிருந்து அவருடைய காட்டுக்கு இறங்கியது. அது கடிப்பதில்லை, அமிலத்தைப் பீய்ச்சும். மேயும்போது ஆடுகளின் கண்ணில் பட்டுக் கண் வெந்து போயிற்று. சில ஆடுகளுக்குப் பார்வையே போய்விட்டது. பட்டியைக் கீழே மாற்றினார். காட்டுக்குப் போனால் நிற்க முடிவதில்லை, காலில் ஏறி உடம்பெல்லாம் பரவி எரிகிறது என்றார். கடைசியில் அந்த நிலத்தில் விதைப்பதையே விட்டுவிட்டார். மனு கொடுக்கப் போன இடங்களில், ஒரு ஆபீசில் இது காட்டு விஷயம் என்றார்களாம். இன்னொரு ஆபீசில் ஆட்டு விஷயம் என்றார்களாம். யாருமே எறும்பு விஷயம் என்று சொல்லவில்லை.

"தோப்பு இருக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல மாப்ள. அங்க இன்னும் ஏறல," என்று போனில் சொல்வார். ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லாமல் போனை வைக்கமாட்டார்.

4

என் மகள் தர்ஷினி ஒன்பதாவது படிக்கிறாள். இங்கே, பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். பஸ் போர்டைக் கன்னடத்தில் சட்டென்று படிப்பாள். தமிழை மட்டும் எழுத்துக்கூட்டி, வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டிருப்பவளைப் போல் படிப்பாள். கோபம் வந்தால் ஆங்கிலம், பசி வந்தால் தமிழ். என்னிடம் தமிழில் பேசும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. எனக்கு அது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சொன்னால் பிரசங்கமாகிவிடும் என்று வாயை மூடிக்கொள்கிறேன்.

சடங்கு வேண்டாம் என்றுதான் அவள் முதலில் சொன்னாள். செல்வியும் அவளும் ஒரு வாரம் மல்லுக்கட்டி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். பிளெக்ஸ் கிடையாது, யாரும் ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது, ஸ்கூலில் யாருக்கும் சொல்லக் கூடாது, வெளியிலிருந்து மாமா மட்டும். மாமா வருகிறார் என்பதால்தான் அவள் இறங்கி வந்தாள். லீவுக்குப் போகும்போதெல்லாம் அவளை டிவிஎஸ் வண்டியின் முன்னால் உட்கார வைத்து ஊர் சுற்றிக் காட்டிய மனிதர் அவர்.

தாய்மாமன் என்றால் பட்டும் தட்டும் மட்டும் போதாது. தன் மரத்துப் பச்சை ஓலையைக் கொண்டுவந்து, தன் கையால் குச்சு, அதாவது சின்ன ஓலைக் குடிசை, கட்டி, அதற்குள் பெண்ணை உட்காரவைத்து மாலை போட வேண்டும். முடிந்ததும் அந்தக் குச்சைப் பிரித்து எரித்துவிடுவார்கள். எங்கள் அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் அதைக் கட்டுவதற்கு அசோசியேஷனில் கடிதம் கேட்டார்கள். "தற்காலிகக் கட்டுமானம்" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். எத்தனை மாடி என்று கேட்காமல் விட்டார்களே, அதுவரைக்கும் சந்தோஷம்.

ஓலை என்றதும்தான் எனக்குச் சுரீர் என்றது. இந்த எறும்பு தென்னையின் உச்சியில், மட்டை இடுக்குகளில் கூடு வைக்கும். மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், எல்லாம் கொண்டு வாங்க. ஓலை மட்டும் வேணாம். இங்கேயே வாங்கிக்கலாம்."



"ஏன் மாப்ள?"

"எறும்புதான்."

"தோப்புல இல்லைன்னு எத்தன தடவ சொல்றது? அங்கிட்டு வெட்டித்தான் கொண்டாறேன். காசு குடுத்து வாங்குன ஓலையில மாமன் குச்சு கட்டுனான்னா, நாலு பேரு முன்னால என் மூஞ்சிய எங்க கொண்டு வச்சுக்கிறது?"

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த செல்வி, போனை வைத்ததும் பிடித்துக்கொண்டாள். "எங்கண்ணன் ஆசையாக் கொண்டு வர்றத நிறுத்துறதுக்கு நீங்க என்ன கஸ்டம்ஸா? அண்ணன் தோப்பப் பத்தி அண்ணனுக்குத் தெரியாதா?"

ஆஸ்திரேலியாக்காரன் எங்கள் கன்டெய்னரை மூடியபோது, என்ன ஒரு ஒழுங்கு என்று ஆபீசில் மெச்சிப் பேசியவன் நான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். கடைசியில் ஒரு சமரசம் பேசினேன். ஓலை வரட்டும், ஆனால் வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்னால் நான் தட்டிப் பார்ப்பேன். மச்சான் சிரித்துவிட்டார். "நல்லாத் தட்டுங்க மாப்ள. ஒண்ணும் இருக்காது," என்றார்.

5

சடங்கன்று காலையில் குட்டி யானை லோடு வண்டி ஒன்று எங்கள் சந்துக்குள் நுழைந்து கேட்டருகில் நின்றது. பின்னால் நீலத் தார்ப்பாய் போர்த்திய ஓலைக் கட்டு. முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் மடியில் பட்டுப்புடவைப் பெட்டியும் மாலையும் வைத்துக்கொண்டு கருப்பையா மச்சான். வழியெல்லாம் இறக்கி வைக்காமல் பிடித்திருப்பார் போல, இறங்கியதும் கையை உதறிக்கொண்டார்.

நான் வெள்ளைப் படுக்கை விரிப்போடு நின்றேன். எதிர்வீட்டு ஜன்னலில் தலைகள். செல்வி முதல் மாடி பால்கனியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரிப்பை ரோட்டோரம் விரித்து, முதல் மட்டையை உருவித் தட்டினேன். தூசி விழுந்தது, ஒரு சிலந்தி ஓடியது. இரண்டாவதிலும் ஒன்றுமில்லை.

"சொன்னேன்ல," என்றார் மச்சான், பால்கனியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. செல்வியும் சிரித்தாள். எனக்கும் உயிர் வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? அடியில் கிடந்த தடித்த மட்டை ஒன்றை இழுத்து அதன் அடிப்பக்கத்தை ஓங்கித் தட்டினேன்.

காய்ந்த எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி விரிப்பெல்லாம் சிதறி ஓடின. மஞ்சள் நிறம், நீளக் கால்கள். வரிசை கிடையாது.

எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? ஐயோ, என் வாசலில் இறங்கிவிட்டதே என்பதுதான். சாக்கடை, பக்கத்து வீட்டுத் தொட்டிச் செடிகள், அல்சூர் ஏரி என்று மனது எங்கெங்கோ ஓடியது. அப்புறம்தான் மச்சானைப் பார்த்தேன். அவர் என் வாசலையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோப்புக்கும் வந்துருச்சா?" என்றார், யாரிடமோ கேட்பது போல.

என்னைவிட அவர்தான் முதலில் சுதாரித்தார். விரிப்பை நான்கு மூலையும் சேர்த்துச் சுருட்டி, புடவைக்குப் போட்டிருந்த பெரிய பிளாஸ்டிக் கவருக்குள் திணித்து இறுக்கி முடிச்சுப் போட்டு வண்டியில் வைத்தார். மட்டைகளை உள்ளே தள்ளித் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டினார். அந்தத் துறைமுகத்தில் செய்ததைத்தான் அவரும் செய்தார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் ரோட்டில் தப்பி ஓடியவற்றைச் செருப்புக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, அதையெல்லாம் விட்டுட்டு மேல வாங்கண்ணே," என்றாள் செல்வி.

"நீ இரு தாயி. எம்மேல ஏறியிருந்துச்சுன்னா உன் வீட்டுக்குள்ள எறங்கிரும்," என்றார். நடு ரோட்டில் நின்று துண்டை உதறினார், வேட்டி மடிப்பை உதறினார், சட்டைக் காலரைத் தூக்கித் தட்டினார். தங்கை வீட்டுக்குச் சீர் கொண்டுவந்த மனிதர். எதிர்வீட்டு ஜன்னல்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. அந்த நிமிடம் எனக்கு என் வேலைமேலேயே வெறுப்பாக இருந்தது.

லிப்ட் கதவு திறந்தது. பாதி அலங்காரத்தில், பட்டுப்பாவாடையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு தர்ஷினி வெளியே வந்தாள். யாருக்கும் தெரியக் கூடாது என்று அத்தனை நிபந்தனை போட்டவள் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டாள்.

"மாமா, நீங்க மேல வரலைன்னா பரவால்ல. மாலைய இங்கேயே போடுங்க."

"ரோட்டுலயா கண்ணு?"

"ம். டென்ட் எல்லாம் வேணாம்."

அவர் புடவைப் பெட்டியை அவள் கையில் கொடுத்தார். மாலையை எடுத்து, நன்றாக உதறிப் பார்த்து, பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டிய பிறகுதான் அவள் கழுத்தில் போட்டார். தாய்மாமன் மாலை போட என் அனுமதி! அதை நினைத்தால் இன்னும் எனக்கு உடம்பு கூசுகிறது. தர்ஷினி அவர் காலில் விழுந்தாள். செல்வி ஆரத்தித் தட்டோடு படியிறங்கி வருவதற்குள் அவர் வண்டியருகே போய்விட்டார்.

"சாப்பிட்டுப் போங்க மச்சான். ஓலையை இங்கேயே எங்கயாவது எரிச்சிடலாம்," என்றேன்.

"வேணாம். சூடு பட்டா ஓட்டமா ஓடிப் போயி எங்கயாச்சும் பூந்துக்கிரும். எங்க ஊர்லயே கொண்டுபோயிக் கொளுத்துறேன். அங்க ஓடுனா புதுசா என்ன கெட்டுறப் போகுது?" வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "ஆஸ்திரேலியாக்காரன் உங்கள நிறுத்துனான். நீங்க என்னைய நிறுத்துனீங்க. தப்புன்னு சொல்லல மாப்ள. எங்க ஊருக்குள்ள வந்தப்ப நிறுத்துறதுக்கு ஒரு ஆளு இல்லாமப் போச்சே."

வெயில் ஏறுவதற்குள் பெங்களூரைத் தாண்டிவிட வேண்டும் என்று டிரைவரை அவசரப்படுத்தினார். வந்த வழியே, கை நனைக்காமல் போய்விட்டார். மாடியில் இலை போட்டபடி இருந்தது.

6

அவர் எறும்புக்காகப் போனாரா, மனம் விட்டுப்போய்ப் போனாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. செல்வியிடம் கேட்டால், "ரெண்டும்தான்," என்கிறாள். வேறொன்றும் சொல்வதில்லை.

கேட்டருகிலும் சாக்கடை ஓரத்திலும் பாகு தடவிய அட்டைகளை வைத்திருக்கிறேன். வேலைக்குக் கிளம்புவதற்கு முன் குனிந்து பார்க்கிறேன். யாருக்கோ செய்வினை வைக்கிறேன் என்று தெருவில் பேச்சு. இதுவரை சாதாரணக் கறுப்பு எறும்புதான் ஒட்டியிருக்கிறது. ஆனாலும் காலில் எது ஊர்ந்தாலும் குதிக்கிறேன். எதுவும் ஊராதபோதும் சொறிந்துகொள்கிறேன்.

மச்சானுக்குப் போன் செய்தேன். ஓலையை எரித்துவிட்டாராம். தோப்பில் எத்தனை மரத்தில் ஏறியிருக்கிறது என்று கேட்டேன். "பாக்கல மாப்ள. பாக்கப் பயமா இருக்கு," என்றார். மலையேறித் தேனெடுக்கும் மனிதர், தன் தோப்புக்குள் போகப் பயமாக இருக்கிறது என்கிறார்.

பீன்யாவில் லீவு சொல்லிவிட்டு மச்சான் ஊருக்குக் கிளம்புகிறேன். ஆஸ்திரேலியாவுக்கு எறும்பு போகாமல் காக்க என் இடத்தில் வேறு ஒருவர் துணி விரிப்பார். எங்கள் கம்பெனிக்கு மருந்து வைக்க வருகிறவர்களிடம் கேட்டு வைத்திருக்கிறேன். உடனே கொல்லும் மருந்து இதற்கு உதவாது. மெதுவாகக் கொல்வதை இரையில் கலந்து வைத்தால்தான், எறும்பே எடுத்துப்போய் ராணிக்கு ஊட்டும். மலையை ஒட்டிய இடம் என்பதால் அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். மறுபடியும் ஆபீஸ் ஆபீசாக நானும் ஏறி இறங்கப்போகிறேன். அதற்கு முன்னால் எந்த மரம்வரை வந்திருக்கிறது, எந்த மரத்திலிருந்து இல்லை என்று பார்க்க வேண்டும். அட்டையும் வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டேன். தோப்பைக் காப்பாற்றிவிடுவேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூட நின்று தட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

பெட்டியைச் செல்விதான் அடுக்கினாள். நான் எப்போது அவள் ஊருக்குப் போனாலும் பெரிய காலிப் பை ஒன்றை மடித்து உள்ளே வைப்பாள். திரும்பும்போது அதில் மாங்காயும் புளியும் முருங்கையும் நிரம்பி, தூக்க முடியாமல் தூக்கி வருவேன். இந்தத் தடவையும் அந்தப் பையை எடுத்தாள். சற்று நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பீரோவில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"எங்கண்ணன் என்னத்தக் குடுத்தாலும் வாங்கிட்டு வந்துறாதீங்க," என்றாள். "அங்கனயே உக்காந்து, வயிறாரச் சாப்பிட்டுட்டு வாங்க."